மூன்றாவது தாள்

அவள் நடத்திக் கொடுத்த கல்யாணம் எதிலும் இருபத்தோராவது விருந்தாளி என்று ஒருவர் இருந்ததே இல்லை.

மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறை. வாசலில் சின்னப் பலகை. ‘சிறிய கல்யாணங்கள். இருபது பேர் வரை மட்டும்.’ உள்ளே ஒரு வட்ட மேஜை, ஒரு டப்பா நிறைய பென்சில், ஒரு சுவர்க் கடிகாரம். சொந்தக்காரர்களைக் கூசாமல் வெட்டுகிறவள் என்பதால் கத்தரிக்கோல் என்று பெயர் வந்துவிட்டது. வைத்தவர் நாற்காலிக்காரர். இருபது வருஷமாக அவளுக்கு வாடகை நாற்காலி போடுகிறவர். ஊரில் எல்லாரும் ஐந்நூறு நாற்காலி கேட்டு ஒரு தடவை போன் செய்வார்கள், இந்த அம்மா பதினெட்டு நாற்காலிக்குப் பதினெட்டு தடவை போன் செய்வாள் என்று அவருக்கு நிரந்தரக் குறை. உபரி நாற்காலி ஒன்றுகூட அவள் அனுமதிக்க மாட்டாள். காலி நாற்காலி கிடந்தால் யாரோ வராமல் போனது போல இருக்கும் என்பாள்.

கல்யாணம் பேச வருகிறவர்களுக்கு அவள் முதலில் கொடுப்பது காப்பி இல்லை, மூன்று தாள்கள். முதல் தாளில் மனதுக்கு வருகிறவர்களை எல்லாம் எழுதலாம். இரண்டாவது தாளில், போன ஒரு வருஷத்தில் காரியம் எதுவும் இல்லாமல் சும்மா பேசியவர்களை மட்டும். இந்த இரண்டையும் சிரித்துக்கொண்டே எழுதி முடிப்பார்கள். மூன்றாவது தாளைக் கொடுக்கும்போதுதான் அறை அமைதியாகும்.

“நாளைக்குக் கல்யாணம், இன்னிக்கு நின்னுபோச்சுன்னு வெச்சுக்குங்க. யாருக்குப் போன் பண்ணிச் சொல்வீங்க? அவங்க பேரை மட்டும் எழுதுங்க.”

அந்தத் தாளில் பேர் இருந்தால் நாற்காலி. இல்லையென்றால் இல்லை. பெரியப்பாவாக இருந்தாலும் மேலதிகாரியாக இருந்தாலும் அதுதான் சட்டம். எழுதிய தாள்களை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் போன பிறகுதான் பிரிப்பாள். ஒருவர் முகத்துக்கு நேரே அந்தத் தாளைப் படிப்பது நாகரிகமில்லை என்பது அவள் கட்சி.

இந்தக் கேள்வியை அவள் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. அவளுடைய சொந்தக் கல்யாணத்துக்கு அறுநூறு பேர் வந்தார்கள். எட்டு வருஷம் கழித்து அந்தக் கல்யாணம் முறிந்த அன்று, போனைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை தள்ளிக்கொண்டே போனாள். யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் தண்ணீர் கேன் போடுகிறவரைக் கூப்பிட்டு, இனிமேல் வாரத்துக்கு ஒரு கேன் போதும் என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் ஏழு வயது மகள் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டப் பழகிக்கொண்டிருந்தாள்.

அந்த மகளுக்குத்தான் இப்போது கல்யாணம்.

மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். மாப்பிள்ளை பல் டாக்டர். ஒரு புதன்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் அறைக்கு வந்தார்கள். ஒருத்தி கண்ணைப் பார்க்கிறாள், ஒருத்தன் பல்லைப் பார்க்கிறான், முழு மூஞ்சிக்கும் ஆளாச்சு என்று நாற்காலிக்காரர் ஏற்கெனவே சொல்லியாயிற்று. அம்மா பேச்சை வளர்க்கவில்லை. ஆளுக்கு மூன்று தாள் எடுத்து நீட்டினாள்.

“எனக்குமாம்மா?” என்றாள் மகள்.

“உனக்கும் மூணு தாள்தான். வீட்டுப் பொண்ணுன்னு சலுகை கிடையாது. மூணாவதுல மட்டும் பொய் எழுதாத.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். இத்தனை வருஷத் தொழிலை மகளுக்குக் காட்டிக்கொள்ளும் பெருமையும் அதில் இருந்தது. மாப்பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டே எழுதினான். பல் டாக்டரே இப்படிக் கடித்தால் எப்படி என்று மகள் அவனைக் கிண்டல் செய்தாள். ஆனால் மூன்றாவது தாளுக்கு அவளே அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். உறையை ஒட்டி அம்மா கையில் கொடுத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று அவசரமாகக் கிளம்பினாள்.

மறுநாள் காலையில் நாற்காலிக்காரர் போன். எத்தனை?

“இருங்க, பிரிச்சுட்டுச் சொல்றேன்.”

போனைக் காதில் வைத்தபடியே பிரித்தாள். மாப்பிள்ளை பக்கம் ஏழு பேர். மகளுடைய முதல் தாளில் முதல் வரியே ‘அம்மா’. அடியில் கோடு வேறு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது தாளில் ஆறாவதாக ‘அம்மா’ இருந்தது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. மூன்றாவது தாளில் ஏழு வரிகள். முதல் வரி, சித்தி, அப்பாவின் இரண்டாவது மனைவி. இரண்டாவது, அப்பா. அவர் பேருக்குப் பக்கத்தில் ‘சித்தி அழுதால் தண்ணீர் கொடுக்க’ என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. பிறகு சித்தி பெற்ற தம்பி, கடை முதலாளி, மூன்று சிநேகிதிகள்.

தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

போனில் நாற்காலிக்காரர், “என்னம்மா, எத்தனை?” என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

மறந்திருப்பாள் என்று முதலில் நினைத்தாள். எத்தனையோ கல்யாணங்களில், “என்னைக் கணக்குல சேர்க்காதீங்க, நான் நின்னுக்கிட்டு இருக்கிறவ” என்று அவளே சொல்லியிருக்கிறாள். மகள் அதைக் கேட்டு வளர்ந்தவள். நடத்துகிறவள் விருந்தாளி ஆக மாட்டாள் என்று விட்டிருப்பாள். பத்து நிமிஷத்துக்கு அந்தச் சமாதானம் நின்றது. பிறகு அந்தக் கேள்விக்குறி ஞாபகத்துக்கு வந்தது. மறக்கிறவள் கேள்விக்குறி போட மாட்டாள்.

மத்தியானம் மகளின் கடைக்குப் போனாள். கண் பார்க்கிற அறை சின்னது, விளக்கைத் தணித்து வைத்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கின. வந்தது வந்தாய், கண்ணைப் பார்த்துவிடுகிறேன் என்று மகள் அவளை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின் மேல் பரிசோதனைக் கண்ணாடியின் வட்டச் சட்டத்தை மாட்டினாள். அம்மாவின் ஒரு கண்ணை மறைத்தாள்.

“நாற்காலி பதினாலா, பதினஞ்சா?” என்றாள் அம்மா. “நாற்காலிக்காரர் கேக்கிறார்.”

மகளின் கை சட்டத்திலேயே நின்றது. ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகினாள்.

“பிரிச்சுட்டியா?”

“பிரிக்காம எப்படி வேலை நடக்கும்?”

“பதினாலும்மா.”

அம்மா சுவரிலிருந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கச் சொல்லாமலே மூன்றாவது வரியை மனதுக்குள் படித்தாள்.

“நீதான் பொய் எழுதாதன்னு சொன்ன” என்றாள் மகள். “அம்மா பேர் போட்டுட்டுத்தான் யோசிச்சேன். எழுதி அழிச்ச தடம்கூட இருக்கும், பாரு. கல்யாணம் நின்னுபோச்சுன்னு உனக்குப் போன் பண்றேன்னு வெச்சுக்கோ. நீ என்ன பண்ணுவ? மண்டபத்துக்குச் சொல்லிட்டியான்னு கேப்ப. சாப்பாட்டை நிறுத்திட்டியான்னு கேப்ப. சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் முடிச்சு வெச்சுருவ. எனக்கு அன்னிக்கு வேலை முடிய வேண்டாம்மா. அழணும்.”

“அவகிட்ட அழுவியா?”

“அழுதிருக்கேன்.”

எப்போது, எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று பயமாக இருந்தது.

சனி ஞாயிறு மகள் அப்பா வீட்டில் இருக்க வேண்டும் என்பது பிரியும்போது போட்ட ஏற்பாடு. அந்த வீட்டில் ஒரு வருஷத்திலேயே சித்தி வந்துவிட்டாள். அம்மாவுக்கும் அந்த ஏற்பாடு வசதியாகத்தான் இருந்தது. கல்யாணங்கள் நடப்பதே சனி ஞாயிறில்தானே. மற்றவர்கள் குழந்தையை யாரிடம் விடுவது என்று தவிக்கும்போது தனக்கு அந்தக் கவலை இல்லை என்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறாள்.

மகள் மேஜையிலிருந்த மருந்துச் சீட்டை இழுத்து, பேனாவைத் திறந்தாள்.

“எழுதித் தரேன். இப்பவே எழுதறேன். பதினஞ்சு போடச் சொல்லு.”

“வேண்டாம்.”

“ஏம்மா?”

“கேட்டு வாங்கினா அது மூணாவது தாள் இல்ல” என்று அம்மா சட்டத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். “சட்டம்னா எல்லாருக்கும்தான். கண் எப்படி இருக்கு, அதைச் சொல்லு.”

“கிட்டத்துல இருக்கிறது தெரியல உனக்கு” என்றாள் மகள். கண்ணைப் பற்றித்தான் சொன்னாள். இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

படியிறங்கும்போதே நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுப் பதினாலு என்றாள். பெண்ணைப் பெத்தவங்க எண்ணிக்கையில் வருவாங்கல்ல, சரியாகப் பாருங்க என்றார் அவர். பார்த்தாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அடுத்த வாரம் சித்தி கூப்பிட்டாள். இருபது வருஷத்தில் இரண்டு பேரும் பேசியதெல்லாம் வாசலோடு சரி. காய்ச்சல் மருந்து கொடுத்தாச்சு, வீட்டுப்பாடம் பாக்கி, நாளைக்குக் குடை வேணும். அவ்வளவுதான். இந்தக் கல்யாணத்தில் எல்லாரும் பேச வேண்டுமாமே என்று சித்தி பயந்துபோயிருந்தாள்.

அதுவும் அவளுடைய கல்யாணங்களின் வழக்கம்தான். பதிவாளர் முன் கையெழுத்து ஆவதற்கு முன்னால், வந்தவர்கள் ஒவ்வொருவரும் எழுந்து மணமக்களைப் பற்றி இரண்டு நிமிஷம் பேச வேண்டும். ஆரம்ப காலத்தில் நேரக் கணக்கு இல்லை. ஒரு தாய்மாமன் நாற்பது நிமிஷம் பேசி, பதிவாளர் குறட்டை விட்டதிலிருந்து இந்த ஏற்பாடு. பின்சுவரோரம் இவள் நின்றுகொள்வாள். இரண்டு நிமிஷம் ஆனதும் வலது கையைத் தோள் வரைக்கும் உயர்த்துவாள். பேசுகிறவர் முடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

“ரெண்டு நிமிஷத்துல நான் என்னக்கா பேசறது? எனக்குக் கோவையாப் பேச வராது.”

“புகழ வேண்டாம்” என்றாள் அம்மா. எல்லாருக்கும் சொல்வதையே இவளுக்கும் சொன்னாள். “நல்ல பொண்ணு, தங்கமான பொண்ணுன்னு எல்லாம் ஆரம்பிக்காத. நீ கண்ணால பார்த்த ஒரு விஷயம், வேற யாரும் பார்க்காதது, அதைச் சொல்லு. போதும்.”

“சரிக்கா” என்றாள் சித்தி. கொஞ்சம் தயங்கி, “நீங்க எங்க உக்காருவீங்க? உங்களைப் பார்த்துப் பேசினா எனக்குப் பயம் தெளியும்.”

“நான் பின்னாடி நிப்பேன். நேராத்தான் தெரிவேன்” என்றாள்.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய வாசகசாலை ஒன்றின் மாடி. மரத் தரை கீறக் கூடாது என்று செருப்புகளை வெளியே வராந்தாவில் விட்டாயிற்று. நாற்காலிகள் பிறை வடிவத்தில் போடப்பட்டிருந்தன. அம்மா ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தாள். பதினாலு. வண்டியில் ஒன்று கூடக் கிடக்கிறது, எடுத்து வரட்டுமா என்று நாற்காலிக்காரர் காதோரம் கேட்டார். அவள் பார்த்த பார்வையில் அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

மகள் வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பூ வைத்த ஜாடி கோணலாக இருப்பதாகச் சொல்லி அம்மா கையை விடுவித்துக்கொண்டு போனாள். ஜாடி நேராகத்தான் இருந்தது.

பேச்சு தொடங்கியது. மாப்பிள்ளையின் அம்மா, வெட்டுப்பட்ட சொந்தக்காரர்கள் எல்லாருக்காகவும் சேர்த்து இரண்டு நிமிஷம் அழுதாள். கை உயர்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்துவிட்டாள். மகளின் அப்பா முப்பது விநாடியில் முடித்துக்கொண்டார். எப்போதும் அப்படித்தான். கடை முதலாளி, இந்தப் பெண் எட்டு வருஷத்தில் ஒருநாள்கூடச் சொன்ன நேரத்துக்குத் தாமதமாக வந்ததில்லை என்றார். அது எங்கிருந்து வந்தது என்று அம்மாவுக்கு அப்போது தோன்றவில்லை.

கடைசியாகச் சித்தி எழுந்தாள். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, பின்சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

“எட்டு வயசுல எங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சா. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அம்மா வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு பேச்சு. இவ மூணே முக்காலுக்கே ஷூ போட்டுருவா. பையை மாட்டிக்கிட்டு வாசல் பக்கத்துல ஒரு முக்காலி இருக்கும், அதுல உக்காந்துக்குவா. அக்காவுக்கு வேலை, வர முடியாது பாவம், ஏழாகும், சில நாள் எட்டாகும். நான் ஷூவைக் கழட்டுடின்னா கழட்ட மாட்டா. அம்மா வந்து நிக்கும்போது நான் ஷூ போட்டுக்கிட்டு இருந்தா லேட்டாகும், அம்மாவுக்கு அடுத்த வேலை இருக்கும்பா. சாப்பாட்டை அந்த முக்காலியிலயே கொடுப்பேன்.”

கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் ஆகப் போகிறது. அம்மாவின் பார்வை முள்ளில் இருந்தது. காது சித்தியின் பேச்சில் இருந்தது.

“ரெண்டு வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமைகூட விடாம இப்படித்தான். அப்புறம் ஒரு வாரம், நல்லா ஞாபகம் இருக்கு, வெளியில நல்ல மழை. மூணே முக்காலுக்கு ஷூ போட்டா. அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருந்தா. திடீர்னு குனிஞ்சு ரெண்டையும் கழட்டினா. சாக்ஸைச் சுருட்டி உள்ள வெச்சா. பேசாம வந்து தம்பிகூட விளையாட உக்காந்துட்டா. நான் சந்தோஷப்பட்டிருக்கணும், இல்லையா? நம்ம வீடுன்னு ஒட்டிக்கிட்டான்னு. எனக்கு என்னமோ தாங்கல. சமையல்கட்டுல போய் நின்னு அழுதேன். அதுக்கப்புறம் அவ ஒருநாளும் முன்கூட்டி ஷூ போட்டுக்கிட்டதே இல்ல.”

சித்தி நிறுத்திவிட்டுப் பின்சுவரைப் பார்த்தாள். கை உயருமா என்று எல்லாருமே திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. அம்மாவின் வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

அந்த மழை நாள் அவளுக்கும் ஞாபகம் இருந்தது. ஏழரை மணிக்குப் போய் நின்றபோது குழந்தை வெறும் காலோடு வந்தது. ஒரு ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. தேடிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்து, “தயாரா இருக்கத் தெரியாதா உனக்கு? எனக்கு எத்தனை வேலை கிடக்கு” என்று சத்தம் போட்டிருந்தாள். அன்று அந்தக் குழந்தை பதிலே சொல்லவில்லை. அந்த அமைதி இத்தனை வருஷம் அவளுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

சித்தி இன்னும் பேசினாள். எதையெதையோ சொன்னாள். தலையில் பேன் பார்த்தது, கணக்கில் தோற்றது, முதல் காதல் முறிந்து ஒரு சனிக்கிழமை முழுக்க மடியில் படுத்திருந்தது. எட்டு நிமிஷம் பேசினாள். இரண்டு நிமிஷச் சட்டத்தின் சரித்திரத்தில் அது முதல் தடவை. அப்பா எழுந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். தாளில் குறித்திருந்தது போலவே.

கையெழுத்து ஆனது. கை தட்டினார்கள். சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கு மணமக்களை ஏற்றிப் போகக் கார் வந்து நின்றது. சொன்ன நேரத்துக்குக் காரில் ஏற்றிவிடுவதும் அவள் வேலைதான். ஒரு கல்யாணத்திலும் அது ஐந்து நிமிஷம் தப்பியதில்லை.

வராந்தா பெஞ்சில் மகள் உட்கார்ந்து செருப்பின் வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கீழே போய்விட்டான். அம்மா எதிரில் வந்து நின்றாள். மகள் பழக்கத்தில் வேகமாகப் பூட்டினாள். கொக்கி நழுவியது.

“இதோ ஆச்சும்மா. நேரமாச்சுன்னு தெரியும்.”

“மெதுவாப் போட்டுக்கோ” என்றாள் அம்மா.

மகள் தலை நிமிர்ந்தாள். அந்த வார்த்தை அம்மா வாயிலிருந்து வந்ததா என்று பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

“உனக்கு அடுத்த வேலை இல்லையா?”

“இல்ல.”

பெஞ்சில் பக்கத்தில் இடம் இருந்தது. மகள் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். அம்மா உட்கார்ந்தாள். கீழே கார் ஒருமுறை ஒலி எழுப்பியது. மகள் அதைக் கேட்காதவள் போலக் குனிந்து, பூட்டிய வாரை ஒருமுறை அவிழ்த்து, மறுபடி பூட்டினாள்.

எவ்வளவு மெதுவாகப் போட்டாலும் செருப்பு இரண்டுதான்.